எட்டுப் பொட்டு வளையத் துவக்கு: தெரிவும் திருத்தமும்

விளையாட்டுத் துவக்கை வாங்கிவிட்டு, அதில் வைத்துச் சுடும் சிறு வெடியான பொட்டைத் தேடுவதைவிட, கிடைக்கிற பொட்டைப் பார்த்துத் துவக்குத் தேடுவதே மேல். கொழும்பில் உலோக விளையாட்டுத் துவக்கு வாங்க நினைக்கிறவர் இந்த ஒழுங்கை மாற்றினால், கடைசியில் அது கண்ணாடி அலுமாரிக்குத்தான். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்த நல்ல இத்தாலிய, ஸ்பானியத் துவக்குகள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் வெடிக்காமல் கிடப்பதற்குப் பாதிக் காரணம் பொருந்தும் பொட்டு இல்லாதது. மற்றப் பாதி, கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசி வைத்தது.

மேசைக்கு வந்தது ஒரு எட்டு வெடிச் சுழல் துவக்கு. அதைத் திறந்து, கழுவி, ஸ்பிரிங் மாற்றி, மேடை நாடகத்தில் சுடும் நிலைக்குக் கொண்டுவந்த வேலையின் குறிப்பு இது. அதற்கு முன் தெரிவு பற்றிக் கொஞ்சம்.

பொட்டு முதலில்

புறக்கோட்டையில் கெய்சர் வீதி, குறுக்குத் தெருக்கள் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் விசாரிக்கும்போது மூன்று வகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடதாசிச் சுருள் ஒன்று. சிவப்புப் பட்டியில் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கும். பிளாஸ்டிக் வளையம் இரண்டாவது; வெடிமருந்து அடைத்த எட்டு அல்லது பன்னிரண்டு சிறு குப்பி வட்டமாகச் சேர்ந்திருக்கும். மூன்றாவது நேர்ப்பட்டை, பதின்மூன்று குப்பிப் பட்டைகள் எடிசன் என்ற இத்தாலிய நிறுவனத்தின் துவக்குகளோடு பரவலானவை. ஒன்றுக்குரியது மற்றதில் பொருந்தாது. எட்டு வளையத் துவக்கில் பன்னிரண்டு வளையத்தை வெட்டி ஒட்டிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். குப்பிகளின் இடைவெளி வேறு, குதிரை (பொட்டை அடிக்கும் சுத்தியல்) விழும் இடமும் வேறு.

புதியவருக்கு எட்டு வளையமே நல்லது. சுருள் மலிவுதான். ஆனால் கொழும்பின் ஈரத்தில் கடதாசி தளர்ந்துவிடும், ஊட்டும் பல் அதைக் கிழித்துவிடும், பிறகு வெடித்த பொட்டின் மேலேயே குதிரை திரும்பவும் விழும். சுருள் பெட்டிக்குள் அடுக்குகள் தளர்ந்து கிடந்தால் ஒரு பொறி அடுத்த அடுக்கையும் பற்றவைக்கும். வளையத்தில் ஒவ்வொரு பொட்டும் தனிக் குப்பிக்குள் இருப்பதால் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. வளையப் பொட்டு விற்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு, ஒரு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு துவக்குத் தேடப் போங்கள். வளையத்தைத் தாங்கிச் சுற்றும் உருளையான சுழலியில் அது இறுக்கமாக உட்கார வேண்டும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் கழன்று விழக் கூடாது.

பொட்டை வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் எடுப்பிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது வெடிபொருள் வகை. சர்வதேச அஞ்சலிலும் பயணியின் விமானப் பெட்டியிலும் அதற்கு இடமில்லை.

உலோகம் என்பது எது

இந்தத் துவக்குகளின் உலோகம் இரும்பல்ல, நாகக் (துத்தநாகக்) கலவை. ஏறக்குறைய 4 வீதம் அலுமினியம் சேர்ந்த நாகத்தை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பார்கள். கன சென்ரிமீற்றருக்கு 6.6 கிராம் அளவில் பாரம் இருப்பதால் கையில் இரும்பு போலத் தோன்றும்; உருகுவதோ 385 பாகை செல்சியஸ் பக்கத்தில். காந்தத்தை வைத்துப் பாருங்கள். உடம்பில் ஒட்டாது; திருகாணி, ஸ்பிரிங், அச்சாணியில் மட்டும் ஒட்டும். உடம்பிலும் ஒட்டுகிற சாமானை வைத்துவிட்டு வாருங்கள். அது நாம் பேசுகிற சாமான் அல்ல.

பழைய சாமான் வாங்கும்போது பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று உலோகத்துக்குள் இருக்கும் நோய். வார்ப்பில் ஈயம், வெள்ளீயம், கட்மியம் நுண்ணளவில் கலந்திருந்தால், உலோக மணிகளின் இடைவெளி வழியே அரிப்பு உள்ளுக்குள் பரவும். மேலே வர்ணம் அழகாக இருக்கும். அதற்கடியில் வலைபோல் நுண் வெடிப்புகள், உப்பிய மூலைகள், ஒன்றோடொன்று பொருந்தாமல் வளைந்த இரண்டு பாதிகள். வெப்பமும் ஈரமும் இதை விரைவாக்கும்; இரண்டுக்கும் கொழும்பில் பஞ்சமில்லை. இதற்கு மருந்து கிடையாது. ஒட்டினாலும் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் உடையும். அமெரிக்காவில் 1929 அளவில் மிகத் தூய நாகத்தைக் கொண்டு கலவை செய்யத் தொடங்கிய பிறகு நல்ல தயாரிப்புகளில் இந்த நோய் அருகிவிட்டது. மலிவு வார்ப்புகளில் இன்றும் வரும். நகத்தால் மூலையைச் சுரண்டிப் பாருங்கள்; பொடி உதிர்ந்தால் விலை பேச வேண்டாம்.

அடுத்தது, இரண்டு பாதியும் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பது. திருகாணி இருந்தால் இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் நட்டமில்லை. ரிவெட் அடித்தது என்றால் முதற்தரம் திறக்கவே துளைக்க வேண்டும். கழுவுவதற்காகத் திறந்தே ஆக வேண்டிய சாமானை ஏன் திறக்க முடியாதபடி செய்கிறார்கள் என்பது தயாரிப்பாளருக்கே வெளிச்சம்.

யப்பானிய உலோக மாதிரிகள் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எம்ஜிசி, ஹட்சன், மருஷின், தனாகா என்று சேகரிப்பவர் வாயில் அடிபடும் தயாரிப்பாளர் பெயர்கள். அவற்றில் உண்மைத் துவக்கின் உள்ளமைப்பு ஓரளவு பின்பற்றப்படும். பித்தளைத் தோட்டா போன்ற ஒரு கூட்டுக்குள் 7 மி.மீ. பிளாஸ்டிக் பொட்டு வைக்கப்படும். 1971 இல் வந்த யப்பானியச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உலோகக் கைத்துவக்கு மாதிரிகளின் குழல் முற்றாக அடைக்கப்பட்டு, மேற்பரப்பு வெள்ளை அல்லது மஞ்சளாக இருக்க வேண்டும். தங்க முலாம் பூசியவை அதனால்தான் அவ்வளவு. 1977 இல் விதி இன்னும் இறுகியது. கைவேலையின் நேர்த்தி சொல்லி முடியாது. ஆனாலும் புதியவருக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சுடும்போது மேற்சட்டம் தானாகப் பின்வாங்கும் வகை நாகத்தில் இருந்தால், தொடர்ந்து சுடச்சுட அந்தச் சட்டத்தில் வெடிப்பு விழும். தோட்டா ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவி, உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பூட்ட வேண்டும். அந்தப் பொட்டு இங்கே கடையில் எடுக்கிற சாமானும் அல்ல. பார்ப்பதற்கு ஒன்று வேண்டும் என்றால் அது வேறு கதை.

எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும், பிரதித் துவக்கு என்று எழுதிய பொதி ஒன்றைத் தருவிக்குமுன் இலங்கைச் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காசைக் கட்டுங்கள். குழல் நுனியில் இருக்கும் செம்மஞ்சள் முனையை வெட்டவோ கறுப்புப் பூசவோ வேண்டாம். அமெரிக்காவில் 1980களின் கடைசியில் அந்த முனை கட்டாயமாக்கப்பட்டதற்குக் காரணம் தெளிவு: தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு உண்மைத் துவக்கும் இதுவும் ஒன்றுதான். சோதனைச் சாவடிக் காலத்தை மறக்காத ஊர் இது. இங்கே இன்னும் கூடுதலாகவே கவனம் வேண்டும்.

மேசையில்

சாமான்: நாக வார்ப்பு, எட்டு வளையம், நீளம் 21 சென்ரிமீற்றர், மூன்று ரிவெட். குறைகள் மூன்று. குதிரை பின்னுக்கு இழுபடும், ஆனால் வேகமாக விழாது. சுழலி சில தரம் சுற்றும், சில தரம் நிற்கும். சுழலியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கும் பச்சை கலந்த அழுக்கும்.

குதிரை, விசை, தள்ளுபல், சுழலி என்று நான்கே உறுப்புகள்தான் உள்ளே வேலை செய்கின்றன. விசையை இழுத்தால் தள்ளுபல் எழும்பிச் சுழலியின் பின்புறப் பல்லைத் தள்ளும். எட்டு வெடி என்பதால் ஒரு தள்ளலுக்கு 45 பாகை. சுழலியில் எட்டுச் சிறு முளைகள் உண்டு. வளையத்தின் குப்பிகள் அவற்றின் மேல் தொப்பியாக உட்காரும். குதிரை குப்பியின் முதுகில் அடிக்க, மருந்து முளைக்கும் குப்பிக்கும் இடையில் நசுங்கி வெடிக்கும். ஆகவே வெடிக்காததற்கான காரணம் எப்போதும் மூன்றில் ஒன்று: அடி போதாது, அடி இடம் மாறி விழுகிறது, அல்லது மருந்து நமத்துவிட்டது. மருந்தைக் குற்றஞ்சொல்லுமுன் மற்ற இரண்டையும் பாருங்கள்.

திறப்பதற்கு முன் வளையம் உள்ளே இல்லை என்று விரலால் தடவி உறுதிசெய்க. இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துவக்கின் ரிவெட்டுகள் தனி ஆணிகள் அல்ல. இடப் பாதியோடு சேர்த்து வார்த்த 6 மி.மீ. தூண்கள் வலப் பாதியின் துளை வழியே வந்து, நுனியில் நசுக்கி விரிக்கப்பட்டிருந்தன. 6.5 மி.மீ. துளையூசியைக் கைத் துரப்பணத்தில் மாட்டி, விரிந்த விளிம்பை மட்டும் சீவி எடுத்தாயிற்று. மின் துரப்பணம் வேண்டாம். நாகம் மெது, ஊசி ஒரு நொடியில் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். விளிம்பு போனதும் இரண்டு பாதிக்கும் நடுவில் பழைய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து நெம்ப வேண்டும். திருப்புளியால் நெம்பினால் ஓரம் உடைந்து பல்லிளிக்கும். பாதிகள் பிரிகிற நேரம் முழுச் சாமானையும் தெளிவான பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு பிரியுங்கள். ஸ்பிரிங் பாய்ந்தால் பைக்குள் விழும். இல்லாவிட்டால் அலுமாரிக்கு அடியில் ஒரு மணித்தியாலம்.

உள்ளே குதிரை ஸ்பிரிங்கின் ஒரு கால், வளைகிற இடத்தில் முறிந்து கிடந்தது. முறிந்த முகத்தில் பழுப்புக் குழிகள். அதாவது அது தேய்ந்து முறியவில்லை, துருப்பிடித்து முறிந்தது. தள்ளுபல்லைத் திருப்பி இழுக்கும் சிறு ஸ்பிரிங் இருந்த இடத்தில் பழுப்புத் தூள் மட்டுமே. சுழலியின் எட்டுப் பல்லில் இரண்டு, அழுக்கு நிரம்பிக் கிட்டத்தட்ட மட்டமாகிவிட்டன. எல்லாவற்றின் மேலும் தடித்துப்போன எண்ணெய்ப் படலம்.

எண்ணெய் ஏன் காப்பாற்றவில்லை

பொட்டின் மருந்து பொட்டாசியம் குளோரேற்றும் சிவப்புப் பொசுபரசும் சேர்ந்தது. வெடித்த பிறகு மிஞ்சுவது ஒரு உப்பும், பொசுபரசின் ஒட்சைட்டுகளும். உப்பு ஈரத்தைப் பிடிக்கும். ஒட்சைட்டு ஈரத்தோடு சேர்ந்து பொசுபோரிக் அமிலமாகும். மழைக்காலமோ வெயிற்காலமோ, கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் வீடுகளில் இதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, காற்றே போதும்.

இந்த உப்பும் அமிலமும் எண்ணெயில் கரையாதவை. டபிள்யூடி-40 தெளிப்பெண்ணெய் அடித்தாலும் மண்ணெண்ணெயில் ஊறவைத்தாலும் அழுக்கின் மேல் ஒரு போர்வைதான் விழும். அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் மட்டுமே கரையும். உலோகத்தைத் தண்ணீரில் போடக் கை கூசுவது இயல்புதான். ஆனால் சுட்ட துவக்கைத் தண்ணீரில் போடாமல் விடுவதுதான் அதைக் கொல்கிறது.

ஸ்பிரிங்குகளையும் அச்சாணிகளையும் தனியாக எடுத்துவிட்டு, மற்ற உறுப்புகளுக்கு: ஒரு லீற்றர் சுடுநீர், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல், 50 முதல் 55 பாகை. அதில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து துளி. பதினைந்து நிமிடம் ஊறிய பிறகு பழைய பற்தூரிகையால் தேய்க்கவும். முளைகளின் அடிப்பகுதிக்கும் பல்லிடுக்குக்கும் மூங்கில் ஈர்க்கு அல்லது பற்குச்சி. ஊசி, கத்தி வேண்டாம். தண்ணீர் மாற்றி இரண்டு தடவை அலசவும். அழுக்கு நிறையப் படிந்த சுழலிக்கு இன்னொரு தடவை புதுக் கரைசல் தேவைப்பட்டது. முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்தது, மூன்றாவது தெளிந்தது. தெளியும்வரை நிறுத்த வேண்டாம்.

அப்பச்சோடா அமிலத்தை மட்டும் அடக்கும். சலவைச் சோடா வேண்டாம், காரம் கூடினாலும் நாகத்தை அரிக்கும். வினாகிரி, தேசிக்காய், பழப்புளி கிட்டவும் கொண்டுவர வேண்டாம். குத்துவிளக்குத் துலக்குகிற கை தானாகவே புளியைத் தேடும், ஆனால் விளக்கு பித்தளை, இது நாகம். புளி பட்ட நாகம் கறுத்துக் குழி விழும். துணி வெளுக்கும் குளோரின் திரவமும் அப்படியே.

துணியால் ஒற்றி, தலைமயிர் உலர்த்தியால் குறைந்த சூட்டில் பத்து நிமிடம். பிறகு மின்விசிறிக்குக் கீழே இரவு முழுதும். தூண்களின் மறுபக்கம் திறக்காத துளைகளில் நிற்கும் ஒரு துளி நீர் மறுநாள் வெள்ளைப் பொடியாகத் தலைகாட்டும்; துணித் திரியை முறுக்கி உள்ளே விட்டு எடுங்கள்.

ஸ்பிரிங்

குதிரை ஸ்பிரிங் முறுக்கு வகை: கம்பித் தடிப்பு 0.8 மி.மீ., நாலு சுற்று, இரண்டு கால். அது உட்காரும் தூண் 4.5 மி.மீ. வேணியர் இடுக்கிமானியால் அளக்காமல் கண்மதிப்பில் கம்பி வாங்கக் கூடாது. முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் வலுவோடு ஏறும். 0.8 க்குப் பதில் 0.9 போட்டால் 60 வீதம் கூடும், 1.0 போட்டால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. வெடி பலமாகக் கேட்கட்டும் என்று தடித்த கம்பி போடுகிறவர்கள், சில வளையங்களுக்குள் குதிரையின் கழுத்து வெடித்துக் கையில் வருவதைப் பார்ப்பார்கள். நாகக் குதிரை 0.8 க்கு வார்த்தது. 0.8 தான்.

கம்பி, வில்லுக்குரிய கடும் எஃகாக இருக்க வேண்டும். இரும்புக் கடையில் கட்டுக்கம்பி என்று தருவது வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், பயனில்லை. பழைய சோனகத் தெரு, டாம் வீதிப் பக்கம் கருவிக் கடைகளில் கேளுங்கள். அல்லது பஞ்சிகாவத்தை மோட்டார் உதிரிப்பாகக் கடையில் 0.8 கம்பியில் செய்த நீண்ட சுருள் ஸ்பிரிங் ஒன்றை வாங்கி, சுருளைப் பிரித்து நிமிர்த்தியும் பாவிக்கலாம். நிமிர்த்திய கம்பி சற்றுப் பலம் குன்றும், ஆனால் வேலை செய்யும்.

சுற்றும்போது கம்பி திரும்பி விரியும். 4.5 மி.மீ. தூணுக்கு 5 மி.மீ. உள்விட்டம் தேவை, ஏனென்றால் பாரம் ஏறும்போது முறுக்கு ஸ்பிரிங் சுருங்கித் தூணைக் கவ்வும். 5 கிடைக்க 4.3 மி.மீ. துளையூசியின் வழுவழுப்பான தண்டில் சுற்றிப் பார்த்து, அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைப் பழைய ஸ்பிரிங்கைப் பார்த்தே முடிவுசெய்க: குதிரையை இழுக்கும்போது சுருள் இறுக வேண்டும், விரியக் கூடாது. எதிர்ப்பக்கம் சுற்றினது இரண்டு நாளில் தளரும். கால்களை வளைக்கக் கூர்மூக்குக் குறட்டை நேரே பாவித்தால் குறட்டின் விளிம்பு கம்பியில் வெட்டு விழுத்தும். பழையது முறிந்ததும் அந்த இடத்தில்தான். சிறு ஆணி ஒன்றைச் சுற்றி வளையுங்கள். சமையல் அவன் இருந்தால் 230 பாகையில் அரை மணி நேரம் வைத்து ஆறவிடலாம். சுற்றின இறுக்கம் தளர்ந்து, வடிவம் மாறாமல் நிற்கும்.

தள்ளுபல்லின் சிறு ஸ்பிரிங்குக்குக் கித்தார்த் தந்தி. சாதாரண அக்கூஸ்ரிக் தொகுதியின் முதலாவது தந்தி 0.30 மி.மீ., இரண்டாவது 0.41. இரண்டும் நல்ல வில்லெஃகு. 0.30 போட்டுப் பார்த்தால் தள்ளுபல் இலகுவாகத் திரும்பியது. 0.41 இல் சுழலியையும் சேர்த்துப் பின்னுக்கு இழுத்தது. இங்கே மெல்லியதே சரி.

அடி விழும் இடம்

பூட்டுமுன் பல்லிடுக்குகளையும் முளைகளையும் சரிபார்க்க வேண்டும். முளை நுனி ஒன்றிரண்டு நசுங்கிக் காளான் தலையாகியிருந்தது. வளையம் இல்லாமல் வெறுமனே சொடுக்கியதன் விளைவு. ஊசி அரத்தால் பக்கவாட்டுப் பிசிரை மட்டும் எடுத்தாயிற்று. உயரத்தைக் குறைக்கக் கூடாது. ஒரு முளை 0.3 மி.மீ. குள்ளமானாலே அந்த ஒன்று மட்டும் எப்போதும் ஏமாற்றும்.

பிறகு பாதிகளை நூலால் கட்டி, வெடித்து முடிந்த பழைய வளையம் ஒன்றைப் போட்டு, குதிரை முகத்தில் எழுதுபேனை மையைத் தடவி எட்டுத் தடவை சொடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு குப்பியின் முதுகிலும் புள்ளி நடுவில் விழ வேண்டும். எட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் தள்ளுபல்லின் நீளத்தில் பிழை: சுழற்சித் திசையில் முந்தி விழுந்த புள்ளி, சுழலி 45 பாகையை எட்டவில்லை என்பதைக் காட்டும், பிந்தி விழுந்தது, தாண்டிவிட்டதை. ஒன்றிரண்டு மட்டும் சாய்ந்தால் குறை அந்தந்தப் பல்லில். இதில் ஆறு நடுவில், இரண்டு முந்தி. அழுக்கு நிரம்பியிருந்த அதே இரண்டு பற்கள். திரும்பவும் ஈர்க்கால் சுரண்டிக் கழுவியதும் அவையும் நடுவுக்கு வந்தன. தேய்ந்த பல்லாக இருந்திருந்தால் அரம் எடுக்காமல், தள்ளுபல்லின் நுனியில் மெல்லிய பித்தளைத் துண்டு ஒன்றை அரல்டைட்டால் ஒட்டி நீளம் கூட்ட வேண்டியிருக்கும். அரல்டைட்டில் 24 மணித்தியால வகையை எடுங்கள். ஐந்து நிமிட வகை சூட்டில் இளகும். ஈயப்பற்று இந்த உலோகத்தில் சரிவராது, வெல்டிங் செய்யப் போனால் உறுப்பே உருகிவிடும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பூட்டிவிட்டு, வெடிக்கவில்லை என்று பொட்டை மாற்றிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

பூட்டுதல்

சீவிய தூண்களின் நடுவில் 2.5 மி.மீ. ஊசியால் 9 மி.மீ. ஆழத்துக்குத் துளை, அதில் எம்3 (3 மி.மீ.) அளவு மரைவெட்டும் ஆணியால் மரை. இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே. பின்னே திருப்பாமல் போனால் நாகச் சீவல் திரண்டு ஆணி உள்ளேயே முறியும், பிறகு தூணோடு போயிற்று. திருகாணி எம்3, 10 மி.மீ.; மரைக்குள் குறைந்தது 6 மி.மீ. இறங்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு வேண்டாம் என்பது பலருக்கு விசித்திரமாக இருக்கும். அந்த எஃகும் நாகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அரிபடுவது நாகம்தான். நாகமுலாம் பூசிய சாதாரணத் திருகாணியே பொருத்தம். இரண்டு விரலால் திருப்புளியைப் பிடித்து இறுக்குங்கள், அவ்வளவுதான். மணிக்கட்டைப் பாவித்தால் மரை வழுக்கும்.

குழலுக்குள் வார்ப்பிலேயே இருக்கும் அடைப்பைத் தொடக் கூடாது. சுத்தம் செய்வதற்காகக்கூட அதைத் துளைக்க வேண்டிய அவசியம் எந்தத் திருத்த வேலையிலும் இல்லை. அதைத் திறந்தால் சாமான் விளையாட்டுப் பொருள் என்ற பெயரையும் இழக்கும், சட்டத்தின் பாதுகாப்பையும் இழக்கும்.

எண்ணெய்: தையல் மெசின் எண்ணெய் அச்சுக்கு ஒரு துளி. பிளாஸ்டிக் உறுப்புக்குச் சிலிக்கன் எண்ணெய். தேங்காயெண்ணெய் கைக்கு எட்டின தூரத்தில் இருக்கும், ஆனால் தடித்துப் பிசினாகும். குதிரை முகமும் முளைகளும் முற்றாக உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் பட்ட பொட்டு வெடிக்காது.

முதற் சுடுதல்

திறந்த இடம், மூக்குக்கண்ணாடி, கையை நீட்டி முகத்துக்கு அப்பால். அமெரிக்கப் பொட்டுப் பெட்டிகளில் காதுக்கு ஓர் அடிக்குள் சுட வேண்டாம், வீட்டுக்குள் சுட வேண்டாம் என்று அச்சடித்திருக்கும்; ஒரு பொட்டில் மருந்து சராசரி 16 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே விதி. அவ்வளவு சிறிதுதான், ஆனாலும் பொறி சுழலியின் இடைவெளி வழியே பக்கவாட்டில் வரும். விரல் சுழலியைத் தொடாமல் பிடியுங்கள். குப்பி உடைந்து தெறிக்கும் பிளாஸ்டிக் சிதறல் கண்ணுக்கு ஆபத்து; மனிதரை நோக்கி, எவ்வளவு விளையாட்டாக இருந்தாலும், பிடிக்க வேண்டாம்.

முதல் வளையம் எட்டில் ஏழு. வெடிக்காததைத் திரும்பச் சுற்றிவந்து அடித்தபோது வெடித்தது. இரண்டாவது வளையம் எட்டும். வெடிக்காத பொட்டைக் கத்தியால் நோண்டுவது, பல பொட்டின் மருந்தைச் சேர்ப்பது, நமத்ததை அடுப்பருகில் காயவைப்பது, மூன்றும் விரலை இழக்கிற வழி. ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள். நமக்காமல் இருக்க, மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் போதும். சட்டைப் பையில் சாவியோடு போட்டுக்கொண்டு போக வேண்டாம், உரசலே பற்றவைக்கும்.

மேடைக்கு

சுடுகிறவர் எதிரே நிற்பவரை நேரே குறிவைக்கத் தேவையில்லை. குறியைச் சற்று விலக்கி, பின்சுவர்ப் பக்கம் நீட்டினாலே சபைக்கு நேரே தெரியும். இருவருக்கும் இடையில் இரண்டு மீற்றர். உடுப்பு பொலியெஸ்ரர் என்றால் துவக்கு உடம்போடு ஒட்டிய நிலையில் வெடிக்கக் கூடாது. கை சுத்திகரிக்கும் அல்கஹோல் திரவம் பூசிய கையோடு எடுக்கவும் கூடாது. மண்டப நிருவாகத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். புகை உணரி இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெடிக்காமல் போவது மேடையில் நடந்தே தீரும். திரைமறைவில் பொருள் பொறுப்பாளர் அதே வளையத்தோடு இன்னொன்றை வைத்துக்கொண்டு, இரண்டு சொடுக்கில் ஓசை வராவிட்டால் தான் சுட வேண்டும். இரண்டும் சேர்ந்து வெடிக்காதபடி சைகை ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கு எல்லாம் பொட்டுப் போட வேண்டாம்; வெடித்த வளையத்தைப் போட்டுச் சொடுக்கினால் முளையும் தப்பும், அண்டை வீட்டாரும் தப்புவர்.

கொண்டுபோவது பூட்டிய பெட்டியில், சுழலியில் வளையம் இல்லாமல், பொட்டு வேறு பையில், நாடகக் குழுவின் கடிதத்தோடு. முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை இது. அடுக்குமாடி பல்கனியில் சுட்டுப் பார்த்தால், கீழ்வீட்டார் 119 ஐ அழைப்பது முற்றிலும் நியாயம்.

வைப்பது

சுட்ட அன்றிரவே கழுவ வேண்டும். நாடகம் முடிந்து களைப்பாக இருந்தால், பிரிக்காமலேனும் சுடுநீருக்குள் சுழலியை அமிழ்த்தி அலசி, உதறி, உலர்த்தி வையுங்கள். பிரித்துக் கழுவுவது மறுநாள். ஒரு கிழமை விட்டால் பொருக்கு இறுகும்.

தோலுறைக்குள் வைக்க வேண்டாம், பதனிட்ட தோலின் அமிலம் நாகத்தைக் கறுப்பாக்கும். நுரைப்பஞ்சு (ஃபோம்) வைத்த பெட்டியும் வேண்டாம். இந்தச் சூட்டில் அந்தப் பஞ்சு சில வருடங்களில் பிசுபிசுத்து வர்ணத்தோடு ஒட்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பருத்தித் துணி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 50 கிராம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளிலிருந்து பச்சையாகவோ மாறினால் எடுத்து 110 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தித் திரும்பப் போடலாம். குதிரையை இழுத்த நிலையில் வைக்காதீர்கள். பெட்டியைத் தளத்திலோ வெளிச்சுவரோடு ஒட்டியோ வைக்காமல் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். மாதம் ஒரு தரம் திறந்து தூணடிகளையும் திருகாணித் தலைகளையும் பாருங்கள். வெள்ளைப் பொடி அங்கேதான் முதலில் தெரியும், தெரிந்தால் அப்பச்சோடாக் கரைசலைத் திரும்பவும் கலக்க வேண்டியதுதான்.